கிருமி இல்லாத நிமோனியா: மருந்துகள் நுரையீரலில் மூட்டும் அழற்சி

2012 ஜூனில் வெளியான ஓர் ஆய்வறிக்கை புற்றுநோய் மருத்துவ உலகில் பெரிய பேச்சாக இருந்தது. இன்று நிவோலுமாப் என்ற பெயரில் கிடைக்கும் மருந்தை 296 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். பெரும்பாலானோருக்கு மற்ற சிகிச்சைகளெல்லாம் பலிக்காமல் போயிருந்தன. மெலனோமா என்ற தோல் புற்றிலும் சிறுநீரகப் புற்றிலும் நான்கில் ஒருவருக்கு மேல் கட்டி சுருங்கியது. நுரையீரல் புற்றில் 18 சதவீதம் பேருக்குச் சுருங்கியது. அதே அறிக்கையின் சுருக்கத்திலேயே இன்னொரு செய்தியும் இருந்தது. மூன்று பேர், மருந்தால் வந்த நுரையீரல் பாதிப்பில் இறந்துவிட்டார்கள்.

அந்த மருந்து நுரையீரல் செல்களைத் தாக்குவதில்லை. அது ஓர் எதிர்ப்பொருள். டி செல் என்ற வெள்ளணுவின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைப் போய் மூடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் நோயாளியின் சொந்த நோயெதிர்ப்பு மண்டலம் செய்கிற வேலை. இப்படிக் கிருமி எதுவும் இல்லாமல் நுரையீரலில் கிளம்பும் அழற்சியை டாக்டர்கள் நியுமோனைட்டிஸ் என்பார்கள். வறட்டு இருமல் இருக்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும், சில சமயம் காய்ச்சலும் வரும். எக்ஸ்ரேயில் பார்த்தால் நிமோனியா மாதிரியே தெரியும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கேட்காது.

மருந்தால் நுரையீரல் கெடுவது புதிய விஷயமல்ல. பிரான்சின் திஜோன் நகரத்து நுரையீரல் மருத்துவர் ஃபிலிப் காமு உருவாக்கிய நியுமோடாக்ஸ் என்ற இணையத் தொகுப்பில் இப்படிப்பட்ட மருந்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிறுநீர்த் தொற்றுக்கான மாத்திரை, மூட்டுவாத மாத்திரை, இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரை என்று பட்டியல் நீளும். 'பக்கவிளைவு' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவது நம் வழக்கம். ஆனால் உள்ளே நடப்பது ஒவ்வொன்றிலும் வேறு வேறு. எந்த வழியில் நடந்தது என்பதை ஊகிக்க மூன்று கேள்விகள் போதும் என்பது என் கணிப்பு. அளவு கூடினால் ஆபத்தும் கூடுகிறதா? மருந்து தொடங்கி எத்தனை நாளில் வந்தது? நிறுத்தி, மறுபடி கொடுத்தால் திரும்பவும் வருகிறதா? இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு மருந்தும் தரும் பதிலைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

சும்மா இருப்பதும் ஒரு வேலை

முதலில், ஏன் நுரையீரல்? இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அது முழுவதும் நுரையீரல் வழியாகத்தான் போயாக வேண்டும். கை நரம்பில் ஏற்றும் மருந்து இதயத்தைத் தாண்டியதும் சந்திக்கும் முதல் தந்துகி வலை இதுதான். காற்றுப்பைக்கும் இரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர், மெல்லிய இடங்களில், ஒரு மைக்ரோமீட்டரில் பாதிகூட இருக்காது. அந்தச் சுவர் சற்று வீங்கினாலே ஆக்சிஜன் கடப்பது குறைந்துவிடும். கல்லீரலிலோ தோலிலோ இதே அளவு வீக்கம் வந்தால் நமக்குத் தெரியாமலேகூடப் போகலாம். நுரையீரலில் அப்படி முடியாது.

மறுபக்கம் காற்று. தூசி, மகரந்தம், பூஞ்சை விதைகள், செத்த பாக்டீரியாவின் துணுக்குகள் எல்லாம் நாள் முழுக்க உள்ளே வந்துகொண்டே இருக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் வெள்ளணுக்கள் படை திரட்டினால் காற்றுப்பைகளில் நீர் கோத்து மூச்சே விட முடியாது. அதனால் நுரையீரலில் நோயெதிர்ப்பு மண்டலத்தின் இயல்பு நிலை அடக்கம். இதைச் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. அடங்கியிருக்கச் சொல்லும் சமிக்ஞைகள் விடாமல் வந்துகொண்டே இருப்பதால்தான் அது அடங்கியிருக்கிறது.

காற்றுப்பைக்குள் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கும் செல்கள், வந்த குப்பையை ஓசைப்படாமல் விழுங்கிச் செரித்துவிடும். காற்றுப்பையின் உட்சுவர் செல்கள் சிடி200 என்ற புரதத்தைக் காட்டி இந்த மேக்ரோஃபேஜ்களை அமைதிப்படுத்துகின்றன. காற்றுப்பை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் திரவத்தில் இருக்கும் புரதங்களும் அதே வேலையைச் செய்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவை மற்ற டி செல்களை அடக்கி வைக்கும். அப்புறம், பழைய ஃப்ளூவின் நினைவோடு நுரையீரலிலேயே தங்கிவிட்ட டி செல்களும் இருக்கின்றன. அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் முதலில் பாய்பவை இவை. இவற்றில் பலவற்றின் மேல் பிடி-1 என்ற புரதம் துருத்திக்கொண்டிருக்கும். பக்கத்துச் செல்கள் காட்டும் பிடி-எல்1, பிடி-எல்2 என்ற இணைப் புரதங்கள் அதைத் தொட்டால் டி செல் அடங்கிவிடும். சுருக்கமாகச் சொன்னால் இது ஒரு பிரேக்.

இத்தனை அடுக்கு அடக்கத்தை ஒரு மருந்து எப்படியெல்லாம் கலைக்க முடியும் என்பதுதான் மீதிக் கதை.

ஒவ்வாமை வழி

மிகப் பழைய விளக்கம் 1930-களில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் செய்த சோதனைகளிலிருந்து வருகிறது. மருந்து மூலக்கூறுகளில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. டி செல்லின் கண்ணில் படும் அளவுக்குக்கூட இல்லாதவை. ஆனால் அவை உடலின் சொந்தப் புரதம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டால், அந்தக் கூட்டு அந்நியமாகத் தெரியும். டென்ட்ரைட்டிக் செல்கள் அதைத் துண்டாக்கி நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்களிடம் காட்டும். பொருத்தமான டி செல் பெருகும். இதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சுவிட்சர்லாந்தின் வெர்னர் பிக்லர் பின்னாளில் வேறொரு வழியையும் முன்வைத்தார். சில மருந்துகள் எதோடும் நிரந்தரமாக ஒட்டாமலே, டி செல்லின் ஏற்பியில் நேராகப் போய் அமர்ந்து அதைத் தூண்டிவிடலாம் என்பது அவர் கருத்து.

இந்த ஒரு வாரக் கணக்கை அப்படியே காட்டும் மருந்து நைட்ரோஃபுரான்டாயின். சிறுநீர்த் தொற்றுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நிறைய எழுதப்படும் மாத்திரை. முதன்முறை சாப்பிடுபவருக்கு நுரையீரல் அழற்சி வந்தால், பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டி வரும். காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு, இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடுதல். முன்பே சாப்பிட்டுப் பழகியவர் என்றால் சில மணி நேரத்திலேயே வந்துவிடலாம், ஏனென்றால் நினைவு செல்கள் ஏற்கெனவே தயார். மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் சரியாகும். இரண்டு மாத்திரையிலும் வரும், இருபதிலும் வரும். அளவு இங்கே பெரிதில்லை. ஆனால் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது என்று அதே மாத்திரையைத் தடுப்பு மருந்தாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வருவது வேறு நோய். அது மெதுவாக வரும், காய்ச்சல் இராது, ஈசினோஃபிலும் அவ்வளவாக ஏறாது. மருந்து உண்டாக்கும் ஆக்சிஜன் தீவிரக்கூறுகள் திசுவை மெல்ல மெல்லக் கெடுத்துத் தழும்பு உண்டாக்குகின்றன. ஒரே மாத்திரை, இரண்டு பாதைகள். மருந்தின் பெயரை வைத்து மட்டும் நோயை வகைப்படுத்த முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டாப்டோமைசின் கதை இன்னும் சுவையானது. இந்த ஊசி ஆன்டிபயாட்டிக் பல தொற்றுகளில் நன்றாக வேலை செய்யும். நிமோனியாவில் மட்டும் பலிக்காது. காரணம், காற்றுப்பையில் உள்ள சர்ஃபாக்டன்ட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மருந்தாக அங்கே பயன்படாமல் போகிறது. அங்கேயே தேங்கிக் கிடப்பதுதான் பிரச்சினையாகவும் மாறுகிறது என்று கருதப்படுகிறது. மேக்ரோஃபேஜ்கள் அதை டி செல்களிடம் காட்ட, ஐஎல்-5 என்ற சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதம்) சுரக்க, ஈசினோஃபில்கள் கூட்டமாக நுரையீரலுக்குள் வந்துவிடுகின்றன. 2010-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றித் தனி எச்சரிக்கை விடுத்தது. வழக்கமாகச் சிகிச்சை தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் இது தலைகாட்டும்.

ஈசினோஃபில் பேச்சு வந்ததால் நம் ஊர் சங்கதி ஒன்று. இருமலோடு இரத்தத்தில் ஈசினோஃபில் எகிறியிருந்தால் இங்குள்ள டாக்டர் மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் யானைக்கால் புழுவைத்தான் சந்தேகிப்பார். அது நியாயமும்கூட. இந்த 'டிராப்பிக்கல் ஈசினோஃபிலியா'வை 1940-ல் முதலில் விவரித்தவர்களில் ஒருவரான ஃப்ரிமோட்-மோலர், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக் காசநோய் விடுதியில் பணியாற்றியவர். அங்கும் ஐஎல்-5 தான், ஈசினோஃபில்தான். தூண்டியது மட்டும் மருந்தல்ல, புழுவின் குஞ்சுகள்.

இனி மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிடும் இந்த மாத்திரையின் பரம்பரை சென்னையோடு தொடர்புடையது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லாப்ரகத சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில் நடத்திய ஆய்வுக் குழுதான் இந்த மாத்திரை அடங்கிய ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்துக் குடும்பத்தை உருவாக்கியது. குறைந்த அளவில் எடுக்கும் இந்த மாத்திரையால் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே திடீர் நுரையீரல் அழற்சி வருகிறது. வந்தால் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே வரும். நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தில் டி செல் போன்ற லிம்ஃபோசைட் வெள்ளணுக்கள் மண்டிக் கிடக்கும். திசுவில் கிரானுலோமா என்ற சின்னச் சின்னச் செல் முடிச்சுகள் தெரியும். எல்லாம் ஒவ்வாமை மாதிரியே இருக்கும். ஆனால் மூன்றாவது கேள்விக்கு இது குழப்பமான பதில் தருகிறது. மறுபடி கொடுத்தபோது சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலருக்குத் திரும்ப வந்து உயிரே போனது. சாதாரண ஒவ்வாமையாக மட்டும் இருந்தால் முதல் கூட்டத்துக்கும் திரும்ப வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வேறொரு வைரஸோ மூட்டுவாதத்தின் சொந்த அழற்சியோ அபாயச் சமிக்ஞையைக் கூட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எப்படியோ, யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் மறுபடி கொடுப்பதில்லை.

இதில் ஒரு அநியாயமும் நடக்கிறது. மூட்டுவாதம் தன்னளவிலேயே நுரையீரலைத் தழும்பாக்கும். வருடக்கணக்கில் மெதுவாக வந்த அந்தத் தழும்புக்கும் மெத்தோட்ரெக்சேட் மேலேயே பழி விழுகிறது. அண்மைக்கால ஆய்வுகள் அந்தப் பழியை ஏற்கவில்லை. மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்தத் தழும்பு தாமதமாகவே வருகிறது என்றுகூடச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திடீரென்று வரும் அழற்சியையும் மெல்ல வரும் தழும்பையும் பிரித்துப் பார்க்காததால், நல்ல மருந்தைப் பயந்து நிறுத்தி மூட்டுகளை இழப்பவர்கள் உண்டு.

முதலில் காயம், பிறகு அழற்சி

இன்னொரு வகை மருந்துகள் டி செல்லிடம் போவதே இல்லை. முதலில் திசுவைக் காயப்படுத்துகின்றன. காயம்தான் நோயெதிர்ப்பு மண்டலத்தை அழைக்கிறது. ஜப்பானில் உமெசாவா ஹமாவோ 1960-களில் மண்ணிலுள்ள ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்த பிளியோமைசின் இதற்கான பாடப்புத்தக உதாரணம். விரைப் புற்றுக்கும் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுக்கும் கொடுப்பார்கள். இரும்பையும் ஆக்சிஜனையும் துணைக்கு வைத்துக்கொண்டு இது டிஎன்ஏவை வெட்டும். உடலின் பெரும்பாலான உறுப்புகளில் இதைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி இருக்கிறது. நுரையீரலிலும் தோலிலும் அது மிகக் குறைவு. அதனால்தான் இந்த மருந்தின் கெடுதல் இரண்டு இடங்களில் குவிகிறது.

காற்றுப்பையின் சுவர் செல்கள் செத்து வெடிக்கும்போது யூரிக் அமிலமும், செல்லின் எரிபொருளான ஏடிபியும் வெளியே சிந்தும். செல்லுக்குள் இருக்க வேண்டியவை வெளியே கிடந்தால் மேக்ரோஃபேஜுக்கு அது அபாய அறிவிப்பு. அதனுள் இருக்கும் இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு விழித்துக்கொண்டு ஐஎல்-1 பீட்டா என்ற சைட்டோகைனைச் சுரக்க, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. செத்த செல்களைத் துப்புரவு செய்யும் கட்டத்தில் டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சைட்டோகைன் தலைதூக்குகிறது. அமைதிக் காலத்தில் மேக்ரோஃபேஜ்களை அடக்கி வைக்கும் புரதங்களில் இதுவும் ஒன்று. இங்கே அது ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டி கொலாஜனைக் கொட்டச் செய்கிறது, தழும்பு உருவாகிறது. இந்த வழியில் அளவுக்கு நேரடிப் பங்கு உண்டு. மொத்தமாகச் செலுத்தியது 400 யூனிட்டைத் தாண்டினால் ஆபத்து செங்குத்தாக ஏறும். ஒவ்வாமை வழிக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

ஆய்வகங்களில் எலிக்கு நுரையீரல் தழும்பு உண்டாக்கவும் பிளியோமைசினைத்தான் பயன்படுத்துகிறார்கள். எலியின் தழும்போ சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். மனிதத் தழும்பு கரையாது. எலியில் தழும்பைப் போக்கிய எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் தோற்றதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மார்பகப் புற்றுக்கு இப்போது பேசப்படும் ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெக்கான் இந்த வகையின் நவீன வாரிசு. புற்றுச் செல்லைத் தேடிப்போகும் எதிர்ப்பொருளின் முதுகில் கீமோ மருந்தை ஏற்றி அனுப்பும் உத்தி இது. 184 பெண்களிடம் நடந்த முதல் பெரிய ஆய்வில் 13.6 சதவீதம் பேருக்கு நுரையீரல் அழற்சி வந்தது, நால்வர் இறந்தார்கள். குரங்குகளில் பார்த்தபோது மருந்து போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் காற்றுப்பை மேக்ரோஃபேஜ்களுக்குள். எதிர்ப்பொருள் என்றால் விழுங்குவது அவற்றின் தொழில். விழுங்கிய பிறகு உள்ளே இருந்த கீமோ வெளிவருகிறது. அடக்கத்தைக் காத்த செல்லே முதல் பலி. தொடக்க நிலையிலேயே சிடி ஸ்கேனில் கண்டு மருந்தை நிறுத்தப் பழகிய பிறகு, அடுத்தடுத்த ஆய்வுகளில் சாவு வெகுவாகக் குறைந்தது.

பிரேக்கை எடுத்தால்

இப்போது பிடி-1, அதாவது நிவோலுமாப் போய் மூடும் அந்தப் புரதம். கியோட்டோவில் ஹோன்ஜோ தசுகுவின் ஆய்வகம் 1992-ல் இதைக் கண்டுபிடித்தபோது இது எதற்கு என்றே தெரியவில்லை. அந்த ஜீனை நீக்கிய எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு இனத்து எலிக்கு வயதாக ஆக லூபஸ் (நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) மாதிரி வந்தது. இன்னொரு இனத்துக்கு இதயம் வீங்கியது. ஒரே பிரேக்கை எடுத்தாலும் எந்த உறுப்பு தாக்கப்படும் என்பதை எலியின் மற்ற ஜீன்கள் தீர்மானித்தன. 2018-ல் ஹோன்ஜோவும் சிடிஎல்ஏ-4 என்ற மற்றொரு பிரேக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் ஆலிசனும் நோபல் பெற்றார்கள். அந்த எலிகள் அப்போதே எச்சரித்ததைத்தான் இன்று, இந்தப் பிரேக்குகளை எடுத்துப் புற்றைத் தாக்க வைக்கும் இம்யூனோதெரபி வார்டுகளில் பார்க்கிறோம்.

நியூயார்க்கிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தச் சிகிச்சை பெற்ற 915 பேரைத் தொகுத்த ஓர் ஆய்வில் 43 பேருக்கு, அதாவது சுமார் 5 சதவீதம் பேருக்கு, நியுமோனைட்டிஸ் வந்தது. ஒரே மருந்து எடுத்தவர்களில் 3 சதவீதம். இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து விலக்கும் மருந்துகள் பெற்றவர்களில் 10 சதவீதம். வந்த நேரத்தைப் பார்த்தால்தான் இது எவ்வளவு வித்தியாசமானது என்று புரியும். ஒருவருக்கு 9 நாளில் வந்தது. இன்னொருவருக்கு 19 மாதம் கழித்து. நைட்ரோஃபுரான்டாயினின் ஒரு வாரக் கணக்கு இங்கே செல்லாது, ஏனென்றால் மருந்துக்கு எதிராக டி செல் பெருகவில்லை. ஏற்கெனவே இருந்த டி செல்லின் கட்டு அவிழ்ந்திருக்கிறது. அது எப்போது, எதைப் பார்த்துப் பாயும் என்பது அந்த ஆளின் நுரையீரலில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது.

அளவுக் கேள்விக்கும் பதில் விசித்திரம். 2012 ஆய்விலேயே, கொடுத்த அளவுக்கும் நியுமோனைட்டிஸுக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. கொஞ்சம் மருந்திலேயே இரத்தத்திலுள்ள டி செல்களின் பிடி-1 பெருமளவு மூடப்பட்டுவிடும். அதற்கு மேல் ஊற்றினாலும் மூட இன்னும் என்ன இருக்கிறது? மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றில் வெறும் 20 மி.கி. நிவோலுமாப் கொடுத்து நல்ல பலன் காட்டியதற்கும் இதுவே அடிப்படை. வழக்கமான அளவு 240 மி.கி. சிக்கனத்துக்காகச் செய்தது, உயிரியலையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது.

கட்டு அவிழ்ந்த டி செல் நுரையீரலில் எதைத் தாக்குகிறது? ஒரு பதில் புற்றிலிருந்தே வருகிறது. நுரையீரல் புற்றின் ஒரு வகை, தான் பிறந்த திசுவின் புரதங்களை விடாமல் வைத்திருக்கும். நாப்சின் ஏ அப்படி ஒன்று. ஆரோக்கியமான காற்றுப்பையிலும் உண்டு, கட்டியிலும் உண்டு. நாப்சினை அடையாளம் காணும் டி செல்கள் கட்டிக்குள்ளும் அழற்சி கண்ட நுரையீரலிலும் சேர்ந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். கட்டியைத் தாக்கப் போன படைக்கு அதே முகத்தோடு பக்கத்தில் இருந்தவையும் எதிரியாகிவிடுகின்றன. மெலனோமா நோயாளிகளைவிட நுரையீரல் புற்று நோயாளிகளுக்கு நியுமோனைட்டிஸ் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். புகையாலோ கதிர்வீச்சாலோ ஏற்கெனவே நைந்த நுரையீரல் என்பது மற்றொரு காரணம்.

இரண்டாவது பதில் எனக்கு மிகப் பிடித்தது. பிடி-1ஐ மூடினால் பிடி-எல்1, பிடி-எல்2 இரண்டுக்கும் துணை இல்லாமல் போகிறது. பாஸ்டனில் கார்டன் ஃப்ரீமனின் குழு 2014-ல், பிடி-எல்2வுக்கு நுரையீரலில் வேறொரு கூட்டாளியும் இருப்பதைக் காட்டியது. அதன் பெயர் ஆர்ஜிஎம்பி. எலிகளில், சுவாசித்த பொருளைச் சகித்துக்கொள்ளும் பழக்கம் உருவாக இந்த ஜோடி தேவைப்பட்டது. பிடி-1ஐ மூடும்போது, வேலையற்ற பிடி-எல்2 கூடுதலாக ஆர்ஜிஎம்பி பக்கம் சாய்ந்து நுரையீரல்வாசி டி செல்களைப் பெருக்கிவிடலாம் என்பது ஊகம். பிடி-எல்1ஐ மட்டும் மூடும் மருந்துகளில் இந்தச் சமநிலை அவ்வளவாகக் குலையாது. அந்த மருந்துகளில் நியுமோனைட்டிஸ் குறைவு என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்குகள் காட்டியதும் இதோடு ஒத்துப்போகிறது. மனிதரில் இது நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பிரேக்கின் இரு பக்கத்தில் எதைப் பிடிக்கிறோம் என்பதற்கே இவ்வளவு விளைவு இருப்பது யோசிக்க வைக்கிறது.

பாதிக்கப்பட்ட நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சிலவற்றைக் கண்டார்கள். டி செல்கள் குவிந்திருக்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்களோ தங்கள் மேல் இருக்க வேண்டிய சிடிஎல்ஏ-4ஐயும் பிடி-1ஐயும் குறைவாகக் காட்டுகின்றன. அடக்க வேண்டியவை பலம் இழந்துவிட்டன. மோனோசைட் வகைச் செல்கள் ஐஎல்-1 பீட்டாவைக் கூட்டிச் சுரக்கின்றன, அதற்கு மாற்றான தடுப்புப் புரதத்தைக் குறைத்துவிடுகின்றன. அதாவது டி செல்லில் தொடங்கியது கடைசியில் பிளியோமைசினின் ஐஎல்-1 பாதையிலும் கலந்துவிடுகிறது. பாடப்புத்தகம் பிரித்து வைக்கும் வழிகள் நிஜ நுரையீரலில் இப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

இரண்டு வழிகள் மோதினால் என்ன ஆகும் என்பதை ஒரு சோதனை காட்டியது. ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியைத் தடுக்கும் ஆஸிமெர்டினிப் மாத்திரை நுரையீரல் புற்றுக்கானது. காற்றுப்பைச் சுவர் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள அதே ஏற்பி தேவை. இந்தக் குடும்பத்தின் மூத்த மருந்தான ஜெஃபிடினிப்பை 2002 ஜூலையில் ஜப்பான் உலகிலேயே முதலாவதாக அனுமதித்தது. அக்டோபருக்குள் 26 பேருக்கு நுரையீரல் பாதிப்பு, அதில் 13 சாவு என்று அவசரக் கடிதம் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆஸிமெர்டினிப்பைத் தனியாகக் கொடுத்தால் சுமார் 3, 4 சதவீதம் பேருக்கே அழற்சி வருகிறது. அதோடு பிடி-எல்1 தடுப்பு மருந்தான டுர்வாலுமாபையும் சேர்த்துக் கொடுத்த சோதனையில் 34 பேரில் 13 பேருக்கு வந்தது, அந்தக் கூட்டு கைவிடப்பட்டது. ஒருபுறம் டி செல்கள் சுவரை இடிக்கின்றன. மறுபுறம் இடிந்ததைக் கட்டும் வேலையையும் நிறுத்திவிட்டோம்.

காசநோய் என்ற குழப்பம்

இந்தியாவில் இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. புற்றுநோயாளிக்கு இருமல், காய்ச்சல், ஸ்கேனில் திட்டு என்றால் காசநோயை ஒதுக்கவே முடியாது. பிடி-1 மருந்துகள் காசநோயையே கிளப்பிவிடக் கூடும் என்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. பிரேக்கை எடுத்தால் டி செல் வலுப்பெறும், கிருமி இன்னும் வேகமாகச் சாகும் என்றுதானே தோன்றும்? எலிகளில் நேர்மாறாக நடந்தது. பிடி-1 இல்லாத எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைக் கொடுத்தபோது, சாதாரண எலிகளைவிட மிகச் சீக்கிரம் செத்தன. டி செல்களின் கட்டற்ற தாக்குதலில் நுரையீரல் திசுவே அழுகியது, கிருமியும் பெருகியது. இம்யூனோதெரபியில் இருக்கும் நோயாளிகளுக்கும் காசநோய் கிளம்பியது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது.

அதனால் சளிப் பரிசோதனை, முடிந்தால் பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விடுவது) செய்து நுரையீரலைக் கழுவிப் பார்ப்பது எல்லாம் இங்கே கூடுதல் முக்கியம். நியுமோனைட்டிஸ் என்று முடிவுசெய்து கொடுக்கும் ஸ்டீராய்டு, ஒளிந்திருக்கும் காசநோய்க்குத் தீனி. காசநோய் என்று நினைத்து ஆறு மாத மாத்திரையைத் தொடங்கினாலோ, அழற்சி தடையின்றி முற்றும். கழுவிய திரவத்தில் லிம்ஃபோசைட் கூடியிருப்பது நியுமோனைட்டிஸைச் சுட்டும், ஆனால் உறுதிசெய்யாது. இதற்கென்று தனி இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மற்றவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர முடியும்.

ஸ்டீராய்டுக்கு அப்புறம்

சிகிச்சை முதலில் மருந்தை நிறுத்துவது, பிறகு ஸ்டீராய்டு. அறிகுறிகள் உள்ளவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. பிரெட்னிசோலோன் கொடுத்து, நாலைந்து வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாக இறக்குவார்கள். ஸ்டீராய்டு டி செல்களைச் சாகடிக்கும், சைட்டோகைன் சுரப்பை ஜீன் மட்டத்திலேயே அமுக்கும். எந்த வழியில் வந்த அழற்சி என்று தெரியாவிட்டாலும் ஓரளவு கேட்பது அதனால்தான். ஒவ்வாமை வழியில் வந்த ஈசினோஃபில் அழற்சி ஓரிரு நாளிலேயே அடங்கும். பிளியோமைசின் தழும்புக் கட்டத்துக்குப் போய்விட்டால் ஸ்டீராய்டுக்கு அங்கே வேலையில்லை. பிடி-1 அழற்சி நடுவில் நிற்கிறது. பெரும்பாலோருக்குக் கேட்கும். அவசரப்பட்டு இறக்கினால் சிலருக்குத் திரும்ப வரும், ஏனென்றால் டி செல்லின் பிரேக் இன்னும் மூடித்தான் இருக்கிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறும். நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நிமோனியா வராமலிருக்க கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் கூடவே கொடுப்பது வழக்கம்.

ஸ்டீராய்டுக்கும் கேட்காதவர்களின் நிலைமைதான் கவலைக்குரியது. டிஎன்எஃப் என்ற சைட்டோகைனைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப், மைக்கோஃபினோலேட், இம்யூனோகுளோபுலின் ஊசி, ஐஎல்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் என்று பலவற்றை முயல்கிறார்கள். இவற்றில் எது சிறந்தது என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வு இல்லை. இன்ஃப்ளிக்சிமாப் காசநோயைக் கிளப்புவதில் பெயர்பெற்றது என்பதை நம் ஊரில் மறக்கக் கூடாது.

குணமானபின் மூன்றாவது கேள்வி வருகிறது: மறுபடி கொடுக்கலாமா? லேசாக வந்து போயிருந்தால் கவனத்தோடு தொடரலாம் என்றும், ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குக் கடுமையாக வந்திருந்தால் நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்றும் வழிகாட்டிகள் சொல்கின்றன. மறுபடி பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கே திரும்புகிறது. கட்டி கட்டுப்பட்டிருக்கிறதா, வேறு வழி உண்டா என்பதை எடைபோட்டு நோயாளியோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு இது.

கடைசி ஊசி போட்டபின்னும் இரண்டு மாதத்துக்கு மேல் டி செல்களில் நிவோலுமாப் ஒட்டியிருந்ததை ஆரம்ப ஆய்வுகளே அளந்து காட்டின. அதற்குள் நோயாளி பெரிய நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து சொந்த ஊர் திரும்பியிருப்பார். இருமல் வந்தால் பக்கத்து கிளினிக்குக்குத்தான் போவார். 'இப்போது என்ன மருந்து எடுக்கிறீர்கள்?' என்று அந்த டாக்டர் கேட்டால், 'எதுவும் இல்லை, எல்லாம் முடிந்துவிட்டது' என்பார், அது உண்மையும்கூட. இதற்காகவே இம்யூனோதெரபி நோயாளிகள் பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டை தரும் வழக்கம் வெளிநாடுகளில் வந்திருக்கிறது. மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, புற்றுநோய் மருத்துவரின் தொலைபேசி எண், 'இது கீமோ அல்ல' என்ற ஒரு வரி. அட்டை கிடைக்காத இடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்திருந்தாலே அந்த கிளினிக் டாக்டருக்குப் போதும்.